‘மேகஸின்’: கிடங்கிலிருந்து இதழுக்கு

வார, மாத இதழ்களை ‘மேகஸின்’ என்கிறோம். துப்பாக்கியில் தோட்டாக்கள் அடுக்கும் பகுதிக்கும், வெடிமருந்துக் கிடங்கிற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். காரணம், இதன் மூலம் ‘மக்ஸன்’ என்ற அரபுச் சொல். சேமிப்புக் கிடங்கு என்பது பொருள், பன்மை ‘மகாஸின்’. இத்தாலி, பிரெஞ்சு மொழிகள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது. பிரெஞ்சில் இன்றும் ‘மகஸான்’ என்றால் கடை.

1731இல் எட்வர்ட் கேவ் லண்டனில் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதழைத் தொடங்கினார். பலவகைச் செய்திகளின் கிடங்கு என்ற கருத்தில் வைத்த பெயர், பிறகு இதழ்களுக்கே பொதுப்பெயராகிவிட்டது.

நாம் புழங்கும் ‘கஜானா’வும் இதே வேர்ச்சொல்லில் பிறந்ததே. எகிப்தின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு நபி யூசுஃப் (அலை) அவர்கள் கேட்டதைக் குர்ஆன் (12:55) கூறுகிறது. பேணிக் காப்பதும் அறிந்திருப்பதும் அவர்கள் சொன்ன தகுதிகள். பிள்ளைகளுக்கு இதழ் வாங்கித் தரும் நமக்கும் அவ்விரண்டும் வேண்டும். கிடங்கில் தானியமும் இருக்கலாம், வெடிமருந்தும் இருக்கலாம்.