தாத்தாவின் ஞாயிற்றுக்கிழமை

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் என் மகனுக்கு வேலை. போன மாதம் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவன், "அப்பா, இனிமே எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் வீக்லி ஆஃப்" என்றான். பேத்தி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. வண்டலூருக்கு அழைத்துப் போவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வார விடுமுறை எந்த நாள் தெரியுமா? செவ்வாய்க்கிழமை!

எனக்கு உடனே என் தாத்தா நினைவுதான் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. முதல் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், பதினெட்டு வயதில், பெரம்பூரில் மில் வேலைக்குப் போனவர் அவர். நான் சிறுவனாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பட்டணத்துக் கதைகள் சொல்வார். மில் வேலையைப் பற்றிச் சொன்னது கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம்.

அந்த ஞாயிறும் சும்மா வந்துவிடவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் மில் தொழிலாளர்களைத் திரட்டிப் பல வருடங்கள் கேட்ட பிறகு, 1890 ஜூன் மாதம்தான் அங்கே மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தார்கள். அடுத்த வருடம் வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு ஒருநாள் ஓய்வைக் கட்டாயமாக்கியது. வயலில் வேலை செய்தவனுக்கு அமாவாசை உண்டு, திருவிழா உண்டு, ஞாயிறு கிடையாது. பட்டணத்துக்கு வந்த பிறகுதான் தாத்தாவுக்கு ஞாயிறு என்று ஒன்று இருப்பதே தெரிந்ததாம்.

அன்றைக்கு எங்கே போவது? பெரம்பூரிலிருந்து நடந்தே சென்ட்ரல் பக்கம் போவார்கள். 1895 முதல் பட்டணத்தில் மின்சார டிராம் ஓடியது. ஆனால் டிராமுக்குக் கொடுக்கும் காசில் வேர்க்கடலை வாங்கலாம் என்பது தாத்தாவின் கணக்கு. சென்ட்ரலை ஒட்டி, கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் உண்டான பீப்பிள்ஸ் பார்க் இருந்தது. நூறு ஏக்கருக்கும் மேல் பரப்பு, குளங்கள், பேண்டு வாசிக்க ஒரு மேடை. அதற்குள்ளேயே மிருகக்காட்சி சாலை. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'உயிர் காலேஜ்'. எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் மறந்திருக்காது. முதலில் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன. மியூசியத்தை நடத்திய டாக்டர் பால்ஃபர் 1855-ல் அங்கேயே உயிருள்ள மிருகங்களையும் வைக்க, கூட்டம் பெருகிவிட்டது. பிறகுதான் மிருகங்கள் பார்க்குக்குப் போயின.

பக்கத்திலேயே 1900-ல் திறந்த மூர் மார்க்கெட். வாங்கக் காசு இல்லாவிட்டாலும் சுற்றிப் பார்க்கலாம். எதிரே விக்டோரியா பப்ளிக் ஹாலில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் நடக்கும். அங்கே வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும்தான் போவார்கள். தாத்தா வாசலோடு சரி. ஆனால் சினிமா அப்படி இல்லை. திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914-ல் ரகுபதி வெங்கையா மவுண்ட் ரோடு பக்கம் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து வாய் பேசாத படம் பார்த்ததைத் தாத்தா நடித்தே காட்டுவார்.

எல்லாம் முடிந்தால் கடற்கரை. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்த இடம். 1909-ல் அங்கே மீன் காட்சி சாலையும் வந்தது. அதற்குக் காசு வேண்டும், மணலுக்கு வேண்டாம். மோட்டாரில் வந்த துரையும், சாரட்டில் வந்த ஜமீன்தாரும், நடந்து வந்த மில் தொழிலாளியும் வாங்கியது ஒரே காற்றுதான்.

எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைத்தால் வேடிக்கைக்கு மேலும் சில காரியங்கள் நடக்கும். ரவுலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைத்து விரதம் இருக்கக் காந்தி குறித்த நாள் 1919 ஏப்ரல் 6. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மெரினா மணலில் கூடிய ஜன சமுத்திரத்தில் தாத்தாவும் ஒருவர். அதற்கு முந்தைய வருடம் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் இப்படித்தான். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய பக்திச் சபைக்கு, ஓய்வு நேரத்தில் திரு.வி.க.வின் பேச்சைக் கேட்க வந்த தொழிலாளர்கள் மெல்லத் தங்கள் குறைகளைப் பேச ஆரம்பித்தார்கள். ஒன்றாக உட்கார நேரம் கிடைத்ததால் பேச்சு வந்தது. பேச்சு வந்ததால் சங்கம் வந்தது.

இன்று எங்கள் ஊரைச் சுற்றி எத்தனை தொழிற்சாலைகள்! இரவு பகலாக ஓடுகின்றன. சில உலைகளை அணைக்கவே முடியாது என்கிறார்கள். அதனால் ஓய்வு நாளைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமும் ஞாயிற்றுக்குப் பதில் வேறு நாள் கொடுக்க இடம் தந்தது. மகனுக்குச் செவ்வாய், எதிர் வீட்டுப் பையனுக்கு வியாழன். வாரம் ஒருநாள் ஓய்வு கிடைக்கத்தான் செய்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் தெருவில் நான்கு பேர் சேர்ந்து உட்கார ஒரு நாள் இல்லை. தாத்தாவின் சம்பளத்தோடு பார்த்தால் என் மகன் பணக்காரன். தாத்தாவுக்கு இருந்த ஞாயிறு மட்டும் இவனிடம் இல்லை.

பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்த 'உயிர் காலேஜ்' 1985-ல் வண்டலூரில் புதிதாகத் திறந்தது. ஒரகடம் வழியாகப் போகிற சாலையில், நமக்குப் பக்கமாகவே வந்துவிட்டது. போய்ச் சேரத்தான் நாள் கூடவில்லை.

நேற்று மகன் காலண்டரைப் புரட்டிவிட்டு, "காணும் பொங்கலுக்குப் போகலாம்பா. அன்னைக்கு எல்லாருக்கும் லீவு" என்றான்.

கூட்டம் நெரியுமே என்று சொல்ல வாயெடுத்தேன். நெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.