பகிர்வு ஹோஸ்டிங்கில் மாட்யூல் நிறுவல்

ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்குகளை அடைத்து, மாதம் சில டாலருக்கு விடப்படும் இடமே பகிர்வு ஹோஸ்டிங். அங்கே ரூட் அதிகாரம் நிறுவனத்திடம்தான் இருக்கும். தளம் நடத்துபவர் தமக்கு வேண்டிய பெர்ல், பைத்தான், பிஎச்பி தொகுப்புகளைத் தம் ஹோம் கோப்புறைக்குள் நிறுவிக்கொள்வதையே இத்தலைப்பு குறிக்கிறது. சர்வருக்குப் பொதுவான கோப்புறையில் எழுதப்போனால் ‘அனுமதி இல்லை’ என்ற பதில்தான் வரும். ஒருவர் மாற்றும் பதிப்பு பக்கத்துக் கணக்குக்காரரின் தளத்தைக் கவிழ்த்துவிடலாம் என்பதால் அந்தத் தடை நியாயமானதே.

இந்த வணிகத்தில் டெக்சாஸின் ஹூஸ்டனுக்குத் தனி இடம் உண்டு. நிக் கோஸ்டன் 1996இல் எழுதத் தொடங்கிய சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகை அந்நகர நிறுவனத்தின் தயாரிப்பு. 2002இல் ஃப்ளோரிடாவில் பிரென்ட் ஆக்ஸ்லி தொடங்கிய ஹோஸ்டிங் நிறுவனமான ஹோஸ்ட்கேட்டரும் பின்னர் ஹூஸ்டனுக்கு வந்தது. சிபேனலின் பெரும்பகுதி பெர்லில் எழுதப்பட்டது. அதனால்தானோ என்னவோ, பெர்ல் மாட்யூல்களுக்கென்றே அதில் ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே பெயரைத் தேடி நிறுவினால், மாட்யூல் பயனரின் ஹோம் கோப்புறைக்குள் ‘பெர்ல்’ என்ற துணைக் கோப்புறையில் போய் உட்காரும். அந்த இடத்தை நிரலின் தலைப்பில் எழுதிக் காட்டுவது பயனரின் பொறுப்பு.

கட்டுப்பாட்டுப் பலகையை நம்பாத வழியைக் காட்டியது கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் பென் டிராட், மீனா டிராட் தம்பதி நடத்திய சிக்ஸ் அபார்ட். 2001இல் வெளிவந்த அவர்களுடைய வலைப்பதிவு மென்பொருள் மூவபிள் டைப், தனக்கு வேண்டிய பெர்ல் மாட்யூல்களை ‘எக்ஸ்ட்லிப்’ என்ற கோப்புறையில் கையோடு கொண்டுவந்தது. எஃப்டிபியில் ஏற்றினால் போதும். கூடவே வரும் சோதனை நிரலை உலாவியில் திறந்தால் எந்த மாட்யூல் இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் போட்டுவிடும். இன்றும் நம்பகமான முறை இதுதான் எனலாம். ஆனால் மைஎஸ்கியூஎல் இணைப்பு, பட அளவு மாற்றம் போன்ற வேலைகளுக்கான மாட்யூல்களில் சி மொழிப் பகுதி உண்டு. அவற்றை அந்தந்த சர்வருக்கேற்பக் கம்பைல் செய்தாக வேண்டும்.

ஷெல் வசதி இருந்தால், பெர்ல் மாட்யூல்களை ஹோம் கோப்புறைக்குள் நிறுவ மேட் டிரவுட் எழுதிய லோக்கல் லிப் கைகொடுக்கும். சிக்ஸ் அபார்ட்டில் பணியாற்றிய தட்சுஹிகோ மியாகவா 2010இல் வெளியிட்ட சிபான் மைனஸ் என்ற நிறுவல் கருவி அதோடு நன்றாக ஒத்துப்போகும். பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில். டெர்மினலில் ஓடும் நிரல் உலாவியில் 500 பிழை காட்டும். லோக்கல் லிப் அமைக்கும் சூழல் மாறிகள் உள்நுழையும்போது ஷெல்லுக்கு மட்டுமே கிடைக்கின்றன. வலை சர்வரான அப்பாச்சி ஷெல்லின் அமைப்புக் கோப்பைப் படிப்பதில்லை. ஆகவே பாதையை நிரலுக்குள்ளேயே எழுத வேண்டும். 500 பிழைக்கு இன்னொரு காரணமும் உண்டு: அவசரத்தில் கோப்புக்கோ கோப்புறைக்கோ 777 அனுமதி கொடுப்பது. பிறரும் எழுதக்கூடிய நிரலை ஓட்ட அப்பாச்சியின் சூஎக்ஸெக் மறுத்துவிடும். 755 என்றால் சம்மதிக்கும்.

கம்பைல் செய்வதிலும் தடைகள் உண்டு. பல நிறுவனங்கள் பயனர்களுக்குக் கம்பைலரைத் தருவதில்லை. தந்தாலும் கிளவுட்லினக்ஸ் இயங்குதளம் விதிக்கும் நினைவக வரம்பைத் தாண்டினால் கம்பைலேஷன் பாதியில் நிற்கும். கோப்பு எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. பெரிய ஃப்ரேம்வொர்க் ஒன்றின் சார்புகளே ஆயிரக்கணக்கான கோப்புகளாகலாம்.

பைத்தானில் வெர்ச்சுவல் என்வி, லோக்கல் லிப்பின் வேலையைச் செய்கிறது. ஜாங்கோ போன்ற ஃப்ரேம்வொர்க்குகளில் எழுதிய பயன்பாடுகளை ஃப்யூஷன் நிறுவனத்தின் பாசஞ்சர் வழியாக ஓட்டுகிறார்கள். புதிய தொகுப்பை நிறுவியபின் ‘டிஎம்பி’ கோப்புறையிலுள்ள ‘ரீஸ்டார்ட்’ கோப்பைத் தொட்டு நேரமுத்திரையை மாற்றினால்தான், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பயன்பாடு அதைக் கண்டுகொள்ளும். பிஎச்பியில் 2012இல் வந்த கம்போசர் எல்லாவற்றையும் ‘வெண்டர்’ கோப்புறையில் சேர்க்கிறது. வீட்டுக் கணினியில் அதை ஓட்டி, கோப்புறையை அப்படியே ஏற்றுவது உத்தமம். இரண்டு இடத்திலும் பிஎச்பி பதிப்பு ஒத்திருக்க வேண்டும்.

ஹோஸ்டிங் நிறுவனம் இயங்குதளத்தை மாற்றும்போதும் சிக்கல் வரும். சென்ட்ஓஎஸ் 6இல் பெர்ல் 5.10 இருந்தது, 7இல் 5.16. பழையதில் கம்பைல் செய்து ஹோம் கோப்புறையில் வைத்திருந்த மாட்யூல்கள் புதியதில் ஏறாது. அவற்றை மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். பெர்லிலேயே முழுதாக எழுதப்பட்டவை பெரும்பாலும் தப்பிக்கும்.