யாருக்காக எழுதுகிறோம்? பல்கலைக்கழக எழுத்து வகுப்பில் மாணவர் வலைப்பதிவுகள்

பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் எழுதும் கட்டுரையைப் பெரும்பாலும் ஒரேயொருவர்தான் வாசிக்கிறார். அவர் அதற்குப் புள்ளி போடும் விரிவுரையாளர். எழுதப்பட்ட விடயம் அவருக்கு ஏற்கனவே தெரியும், அது அவருக்குத் தெரியும் என்பது மாணவருக்கும் தெரியும். ஆகவே அந்தக் கட்டுரை யாருக்கும் எதையும் சொல்வதற்காக எழுதப்படுவதில்லை. தனக்கு அது தெரியும் என்று காட்டுவதற்காகவே எழுதப்படுகிறது. புள்ளி கிடைத்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் மாணவர் வலைப்பதிவு மாற்றுவது வாசகரைத்தான். சக மாணவர்களும், சில வேளைகளில் முகம் தெரியாதவர்களும் வாசிக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் எழுத்து வகுப்புகளில் இந்த முறை பரவலாகப் பயன்பட்டு வருகிறது. போரையும் கண்காணிப்பையும் கடந்து வந்த சமூகத்துக்கோ ‘யார் வாசிப்பார்கள்?’ என்பது கற்பித்தல் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. அதனால் இந்த முறையின் பயனையும் ஆபத்தையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.

முறை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான கட்டாய எழுத்துப் பாடநெறிக்கு 1885 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் முன்மாதிரியாக அமைந்தது. பிழை திருத்தலே அந்த வகுப்புகளில் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது. 1973 இல் பீட்டர் எல்போ வெளியிட்ட ‘ஆசிரியர்கள் இல்லாமல் எழுதுதல்’ என்ற நூல் வேறொரு வழியைக் காட்டியது. முதலில் தடையின்றி எழுதிச் செல்ல வேண்டும், அதைச் சக எழுத்தாளர்கள் வாசித்துத் தங்களுக்கு என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும், திருத்தம் பிறகு வரலாம் என்றார் அவர்.

1999 இல் புளொகரும் 2003 இல் வேர்ட்பிரஸும் வந்தபின், கணினி நிரல் தெரியாதவர்களும் இணையத்தில் எழுத முடிந்தது. வேர்ஜினியா மாநிலத்தின் மேரி வோஷிங்டன் பல்கலைக்கழகம் 2007 இல் தன் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பொதுவான வலைப்பதிவுத் தளமொன்றைத் தொடங்கியது. 2013 இல் இன்னொரு படி சென்று, மாணவர்கள் சொந்த இணைய முகவரியையே வைத்திருக்க வழிசெய்தது. பாடநெறிகளுக்கான மூடிய இணையத் தளங்களில் அரையாண்டு முடிந்ததும் கதவு பூட்டப்படும், மாணவர் எழுதியவை உள்ளேயே நின்றுவிடும். சொந்த முகவரியில் எழுதினால் பட்டம் பெற்று வெளியேறும்போது எழுத்தையும் எடுத்துச் செல்லலாம்.

வகுப்பில் எப்படி நடக்கிறது?

வழமையான நடைமுறை எளிமையானது. ஒவ்வொரு மாணவரும் வாரம் ஒருமுறை சில நூறு சொற்களில் ஒரு பதிவு எழுதுவார். வாசித்த நூல், கேட்ட விரிவுரை, ஊரில் கண்ட விடயம் என்று எதைப் பற்றியும் அது இருக்கலாம். வகுப்புக்கு முன்னரே சக மாணவர்களின் இரண்டு பதிவுகளை வாசித்துப் பின்னூட்டம் இடுவார். விரிவுரையாளர் அவற்றிலிருந்தே அன்றைய கலந்துரையாடலைத் தொடங்குவார். அரையாண்டின் இறுதியில் மாணவர் தன் பதிவுகளில் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, விரித்து, திருத்தி, முழுமையான கட்டுரைகளாகக் கையளிப்பார்.

இதில் இரண்டு இடங்களில் தவறு நேர்வதுண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் பிழை எண்ணிப் புள்ளி போட்டால் வலைப்பதிவு மறுபடியும் வீட்டுவேலையாகிவிடும். அதனால் ஒழுங்காக எழுதியதற்கும் மற்றவர்களுக்குக் கவனமாகப் பதில் எழுதியதற்கும் மட்டும் புள்ளி வழங்கி, மொழித் திருத்தத்தை இறுதிக் கட்டுரைக்கு விட்டுவிடுவது நல்லது. அடுத்தது, ‘நல்ல பதிவு’ என்ற ஒற்றை வரிப் பின்னூட்டம். எந்த இடம் விளங்கவில்லை, எதை இன்னும் அறிய விரும்புகிறேன் என்று கேட்கப் பழக்கினால்தான் எழுதியவருக்குப் பயன் உண்டு.

அந்தக் கேள்விகள்தான் எழுத்தை மாற்றுகின்றன. ஓர் ஊரின் பெயரை எழுதியவர், அந்த ஊரை அறியாத ஒருவர் கேட்டதும் அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடந்தது என்று விளக்க வேண்டியவராகிறார். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் ‘தெளிவில்லை’ என்று எழுதுவதிலும் வாசகர் ஒருவர் உண்மையாகவே விளங்காமல் கேட்பதிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட ஓர் ஆய்வு

எழுத்து வகுப்புகளில் வாசகர் பற்றிய கேள்வியை ஆழமாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கா சென்று, பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் அவர். போர்க்காலத்தில் தாள் தட்டுப்பாடு, மின்சாரமின்மை, தடைப்பட்ட தபால் ஆகியவற்றுக்கிடையே யாழ்ப்பாணத்து அறிஞர்கள் எப்படி எழுதினார்கள் என்பதை அவரது 2002 ஆம் ஆண்டு நூல் பதிவு செய்திருக்கிறது.

அதற்கு முன், 1993 இல் வெளிவந்த ஆய்வொன்றில் தன் முதலாம் ஆண்டு மாணவர்களின் பாடநூல்களை அவர் கவனித்திருந்தார். அவை அமெரிக்க வாழ்க்கையைச் சித்திரிக்கும் ஆங்கிலப் பாடநூல்கள். அவற்றின் ஓரங்களில் மாணவர்கள் தமிழில் குறிப்புகள் எழுதியிருந்தார்கள், படங்கள் வரைந்திருந்தார்கள். சினிமாவும் காதலும் கேலியும் அக்கால அரசியலும் அங்கே இருந்தன. வகுப்பில் ஒழுங்காக இலக்கணப் பயிற்சி செய்த அதே மாணவர்கள், ஆசிரியருக்காக அல்லாமல் தங்களுக்காக எழுதியவை அவை.

இதே விடயத்தை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேறொரு வடிவத்தில் அவர் கண்டார். கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட எழுத்து வகுப்பு அது. வலைப்பதிவு என்ற சொல்லே பிறக்காத காலம். அங்கிருந்த ஆபிரிக்க அமெரிக்க மாணவர்கள் தங்களுக்குள் இணையவழி எழுதிக்கொண்டபோது தங்கள் பேச்சுமொழியில், கூர்மையாக, துணிவாக எழுதினார்கள். கையளித்த கட்டுரைகளில் அந்தக் குரல் அடங்கியிருந்தது. மேரி லூயிஸ் பிராட் 1991 இல் முன்வைத்த ‘பாதுகாப்பு வீடு’ என்ற கருத்தைக் கொண்டு கனகராஜா 1997 இல் இதை விளக்கினார். வலிமை குறைந்தவர்கள் மேலாதிக்கத்தின் பார்வைக்கு வெளியே கூடிப் பேசும் இடம்தான் பாதுகாப்பு வீடு. அந்த இடத்தை ஆசிரியர் மதிக்க வேண்டும், அங்கே உருவாகும் ஆற்றலை மாணவர் தான் விரும்பும்போது பொது எழுத்துக்குக் கொண்டுவரவும் உதவ வேண்டும்.

பென்சில்வேனியாவில் அவர் நடத்திய வகுப்பில் மாணவர்கள் தாங்கள் எழுதப் படிக்கக் கற்ற கதையை எழுதி, வரைவுகளை இணையத்தில் பகிர்ந்து, ஒருவருக்கொருவர் பின்னூட்டம் எழுதினார்கள். சவூதி அரேபிய மாணவி ஒருவர் தன் கட்டுரையில் அரபுக் கவிதை வரிகளை அரபு எழுத்திலேயே சேர்த்தார். எதை விளக்குவது, எதை விளக்காமல் விடுவது என்பதைச் சக மாணவர்களின் எதிர்வினைகள் வழியாக அவர் எண்ணிப் பார்த்தார். அந்த முடிவு அவருடையதாகவே இருந்தது.

திறந்த பதிவின் ஆபத்து

இந்த ஆய்வுகள் சொல்வது, மாணவருக்கு வாசகர்கள் வேண்டும், வாசகர்களிடமிருந்து விலகிய ஓர் இடமும் வேண்டும் என்பதுதான். எல்லோருக்கும் திறந்த வலைப்பதிவைக் கட்டாயமாக்கினால் இரண்டாவது இடம் இல்லாமல் போகிறது. அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டம் மாணவர்களின் கல்விப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. அதனால் புள்ளிகளைப் பின்னூட்டத்தில் வெளியிடுவதை அங்குள்ள ஆசிரியர்கள் தவிர்க்கிறார்கள். புனைபெயரில் எழுதவும் பலர் இடமளிக்கிறார்கள்.

இலங்கையில் ஆபத்தின் அளவு வேறு. தமிழில் கவிதை எழுதிய ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். 2021 டிசம்பரில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. பத்தொன்பது வயதில் எழுதிய ஒரு பதிவு பல ஆண்டுகள் கழித்தும் தேடுபொறியில் கிடைக்கும். அதை யார், எந்த நோக்கத்துடன் வாசிப்பார்கள் என்று வகுப்பறையில் இருந்துகொண்டு சொல்ல முடியாது.

தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

எங்கள் பல்கலைக்கழகங்களிலோ கல்வியியற் கல்லூரிகளிலோ இதைத் தொடங்க விரும்பும் ஒருவர் கவனிக்க வேண்டியவை சில:

முதல் அரையாண்டில் கடவுச்சொல் உள்ள, வகுப்புக்கு மட்டும் திறந்த தளத்தையே பயன்படுத்துங்கள். எந்தப் பதிவைப் பொதுவில் வெளியிடுவது என்பதை மாணவர் பதிவு பதிவாகத் தீர்மானிக்கட்டும். வெளியிடாதவருக்குப் புள்ளி குறையக் கூடாது.

போரைப் பற்றி எழுதும்படி யாரையும் பணிக்காதீர்கள். இழப்பை எழுதுவது சிலருக்கு ஆறுதல் தரும், வேறு சிலருக்கு அதே காயத்தைத் திரும்பத் திறக்கும். சமையலையும் பேருந்துப் பயணத்தையும் எழுதுகிறவருக்கும் அதே மதிப்புக் கிடைக்க வேண்டும்.

ஒருவர் தன் கதையை எழுதும்போது மற்றவர்களின் கதையும் உள்ளே வருகிறது. காணாமல் ஆக்கப்பட்ட உறவினர், முன்னாள் போராளி, காணி வழக்கில் இருக்கும் அயலவர் ஆகியோரின் பெயர், படம், ஊர் விவரம் வெளிவருவதற்கு முன் அவர்களிடமோ குடும்பத்திடமோ சம்மதம் பெற வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே பேசுங்கள்.

கைபேசியில் மட்டுமே எழுதக்கூடிய மாணவரை மனதில் வைத்து வேலையைத் திட்டமிடுங்கள். தமிழில் எழுத விரும்புகிறவர் தமிழில் எழுதட்டும். எல்லோரும் தங்கள் பதிவுகளின் பிரதியைத் தங்களிடமும் சேமித்து வைக்கட்டும். தளம் மூடப்பட்டால் எழுத்தும் அதோடு போய்விடக் கூடாது.

ஒரு பதிவை வெளியிடலாமா, வகுப்புக்குள் வைத்திருக்கலாமா, யாருக்கும் காட்டாமல் விடலாமா என்று மாணவர் ஒவ்வொரு முறையும் யோசிக்கிறார். யாருக்கு, எதை, எவ்வளவு சொல்வது என்பதை அவர் கற்பது அப்படித்தான். அந்தத் தீர்மானத்தை விரிவுரையாளர் எடுத்துவிட்டால் மாணவருக்கு மிஞ்சுவது இன்னொரு ஒப்படை மட்டுமே.