இரண்டு மைல் திரி, ஓர் ஆள் நீளக் கம்பு

தஞ்சாவூர்க் கோட்டையின் கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் கிடக்கும் ராஜகோபால பீரங்கியைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அதை ஒரே ஒருமுறைதான் வெடித்தார்களாம். வெடித்தால் ஊரே அதிர்ந்து இடிந்துவிடும் என்று பயந்து, பற்றவைக்கும் இடத்தை இரண்டு மைல் தள்ளி வைத்துக்கொண்டார்களாம். எண்ணெயில் ஊறிய கயிற்றுத் திரியில் வைத்த நெருப்பு பீரங்கியைப் போய்ச் சேர நாற்பது நிமிடம் பிடித்ததாம். கணக்குப் பார்த்தால் கதை கொஞ்சம் இடிக்கிறது. பீரங்கிக்காரர்கள் கையில் வைத்திருந்த பற்றுக்கயிறு ஒரு சாண் எரியவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வேகத்தில் இரண்டு மைல் போக வருடக்கணக்கில் ஆகியிருக்கும். நாற்பது நிமிடத்தில் இரண்டு மைல் என்பது ஆள் நடக்கிற வேகம். யாரோ நடந்த நேரம்தான் கதையில் திரி எரிந்த நேரமாக மாறியிருக்க வேண்டும். கதை எப்படியோ இருக்கட்டும், அதற்குள் இருக்கும் பயமும் அந்தப் பயத்துக்குக் கண்டுபிடித்த மருந்தும் பொய்யல்ல. காவிரிப் படுகையில் வெடிச்சத்தத்திலிருந்து தப்ப ஏறக்குறைய நானூறு வருடமாக மக்கள் நம்பிய ஒரே வழி விலகி நிற்பது. நல்ல வழிதான். ஆனால் அந்தத் தூரம் ஊருக்குக் கிடைத்தது, கோபுரத்துக்குக் கிடைத்தது, வேடிக்கை பார்க்க வந்தவருக்குக் கிடைத்தது. திரியில் நெருப்பு வைத்தவனுக்குக் கதையில் மட்டும்தான் கிடைத்தது.

பீரங்கியை முதலில் பார்ப்போம். ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620ஐ ஒட்டி உருவானதாகச் சொல்லப்படுவது. அதே 1620இல்தான் டேனிஷ்காரர்கள் ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பத் தொடங்கினார்கள். அதனால் பீரங்கியிலும் அவர்கள் கை இருந்திருக்கும் என்று சிலர் கருதுகிறார்கள். டில்லி இரும்புத் தூணை ஆராய்ந்த கான்பூர் ஐஐடி உலோகவியலாளர் ஆர். பாலசுப்பிரமணியம் இதையும் ஆராய்ந்தார். இது வார்ப்பு இரும்பு இல்லை. நீள நீளமான இரும்புப் பட்டைகளைக் குழாயாக அடுக்கி, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை வரிசையாக ஏற்றி அடித்து இறுக்கியது. நீளம் சுமார் ஏழரை மீட்டர், எடை சுமார் 22 டன், வாயின் அகலம் இரண்டடிக்குச் சற்று அதிகம். இப்படிப்பட்ட குழாயை அடித்து உருவாக்கிய கொல்லர்கள் மாதக்கணக்கில் சம்மட்டிச் சத்தத்தில் நின்றிருப்பார்கள் என்பதைப் பீரங்கியைப் பார்க்கிற யாரும் நினைப்பதில்லை. பெர்னார்டினோ ரமாசினி என்ற இத்தாலிய மருத்துவர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, நாளெல்லாம் செம்பு தட்டும் வெனிஸ் நகரத்துத் தொழிலாளிகள் வயதானால் முழுச் செவிடாகிவிடுகிறார்கள் என்று எழுதிவைத்தார். கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைகளைப் பற்றி அப்படி எழுத அன்று ஆள் இல்லை.

தூரம் எப்படிக் காக்கிறது என்பது எளிய கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஆறு டெசிபல் குறையும். துப்பாக்கி வெடிக்கும்போது சுடுபவர் காதருகே எழும் உச்ச அழுத்தம் பெரும்பாலும் 140 முதல் 170 டெசிபலுக்குள் இருக்கும். பீரங்கிக்கு அதையும் தாண்டும். 140 என்பது ஒரே ஒரு வெடிகூடப் போகக்கூடாத எல்லை என்று தொழில் பாதுகாப்பு விதிகள் பல நாடுகளில் வைத்திருக்கும் அளவு. ஒரு மீட்டரில் 180 இருக்கும் வெடி நூறு மீட்டரில் 140க்கு இறங்கிவிடும். இரண்டு மைலில் 110ஐ ஒட்டி நிற்கும். ஆகவே கதையில் வருகிற இரண்டு மைல் அளவுக்கு மீறிய எச்சரிக்கை. கால் மைலே தாராளம். ராஜகோபாலனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பற்றவைக்கும் துளை பின்பக்கம், வாய் ஏழரை மீட்டர் முன்னால். குழாயின் நீளமே பற்றவைப்பவனுக்கும் வெடிக்கும் வாய்க்கும் நடுவே ஓர் இடைவெளியைத் தந்துவிடுகிறது. சிறிய பீரங்கியின் பக்கத்தில் நின்றவனுக்கு அதுவும் இல்லை.

சிறிய பீரங்கிகளை இந்த மண் நிறையக் கேட்டிருக்கிறது. 1758 ஆகஸ்டில் பிரதாபசிங் மன்னர் ஆண்டபோது பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டு, மருந்தும் குண்டும் தீர்ந்து, ஆங்கிலேயக் கப்பற்படை கடலில் தங்கள் படையை விரட்டிய செய்தியும் வந்துசேர, பின்வாங்கினார். 1771இல் ஆங்கிலேய ஜெனரல் ஜோசப் ஸ்மித் வந்தார். 1773 செப்டம்பரில் மறுபடி வந்து, ஆற்காட்டு நவாபுக்காகக் கோட்டையைப் பிடித்துத் துளஜா மன்னரைச் சிறைவைத்தார். முற்றுகை என்றால் ஒரு வெடியோடு முடிவதில்லை. கோட்டைச் சுவரில் ஓட்டை விழும்வரை ஒரே இடத்தில் ஒரே வரிசைப் பீரங்கிகள் நாள்கணக்கில் முழங்கும்; பத்துப் பன்னிரண்டு பேர் அவற்றின் பக்கத்திலேயே நிற்பார்கள். அந்த அளவு வெடி காதை என்ன செய்யும் என்பதற்கு அதே காலத்து சாட்சி ஒன்று இருக்கிறது. 1782இல் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த கடற்போரில், தன் கப்பலின் பக்கவாட்டுப் பீரங்கிகள் எண்பது முறை முழங்கியதைக் கேட்ட ஆங்கிலேய அட்மிரல் ராட்னிக்கு அதன்பின் பதினான்கு நாள் காது கேட்கவில்லை என்று மருத்துவ வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அட்மிரல் என்பதால் அது பதிவானது. பீரங்கியைத் துடைத்து மருந்து அடைத்தவன் காது எத்தனை நாள் அடைத்திருந்தது என்பதை யாரும் எழுதவில்லை. அந்தக் கப்பல்காரர்கள் கைக்குட்டையைக் காதை மறைத்துத் தலையில் கட்டிக்கொள்வது வழக்கம். துணி தடுப்பது சொற்பம்தான். ஆனாலும் ஏதோ செய்ய வேண்டும் என்ற எண்ணம் வேலை செய்தவர்களுக்குத் தானாகவே வந்திருக்கிறது.

போர் ஓய்ந்த பின்னும் கருமருந்து ஓயவில்லை. அது கோயிலுக்கும் ஊர்வலத்துக்கும் வந்தது. சாமி புறப்பாட்டிலும் தேர் நிலையிலிருந்து கிளம்பும் நேரத்திலும் நாகூர் கந்தூரியின் வாணவேடிக்கையிலும் பெரியவர் இறந்தால் சுடுகாட்டுக்குப் போகும் வழியிலும் வேட்டுச் சத்தம் இல்லாமல் படுகையில் காரியம் நடப்பது அபூர்வம். இவற்றில் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் நேரான வாரிசு அதிர்வேட்டு. உருவத்தில் அது குட்டிப் பீரங்கியேதான்: ஒரு பக்கம் மூடிய தடித்த இரும்புக் குழாய், அடியில் திரிக்கு ஒரு துளை. உள்ளே கருமருந்தைக் கொட்டி, மேலே செங்கல் பொடியோ மண்ணோ போட்டு, கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு சத்தம். குண்டு ஏதும் பாயாததால் மருந்தின் பலம் அதைத் தள்ளுவதில் செலவாவதில்லை. குழாய்களைத் தரையில் வரிசையாக நட்டு, நுனியில் கங்கு உள்ள கம்பை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார் வேட்டுக்காரர். கம்பு ஓர் ஆள் நீளம் இருந்தால் அதிகம். நெருப்புப் பொறியிலிருந்து கையைக் காக்க அது போதும், காதைக் காக்கப் போதாது. கூட்டம் இருபது முப்பது மீட்டர் தள்ளி நின்று இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறது. ஒரு காதையாவது பொத்தலாம் என்றால் வேட்டுக்காரரின் ஒரு கையில் கம்பு இருக்கிறது, அடுத்த குழாய் காத்திருக்கிறது. வரிசையில் ஒரே திசையில் போகிறவர் என்பதால், குழாய்ப் பக்கம் இருக்கும் காது முதலில் மங்கும். வலக்கைத் துப்பாக்கிக்காரர்களுக்கு இடது காது முதலில் கெடுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். துப்பாக்கியின் வாய்க்கு அந்தக் காதுதான் நேராக இருக்கிறது.

நம் முன்னோர் காதைக் காக்கத் தெரிந்தவர்கள்தானே, இடி இடித்தால் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று சொல்லச் சொன்னது வாயைத் திறக்கவைத்துக் காதைக் காப்பதற்குத்தானே என்று இங்கே ஒரு கேள்வி வரும். அந்த விளக்கம் எவ்வளவு பழையதோ, அதில் பாதி சரி. பீரங்கிப் படையினருக்கும் வெடிக்கும்போது வாயைத் திறந்து வைக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழல் திறந்திருந்தால் செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் ஓரளவு சமனாகும், பறை கிழிவது குறையலாம். ஆனால் வெடியின் நிரந்தரச் சேதம் பறையில் நடப்பதில்லை. உள்காதின் நத்தைக்கூட்டில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிர்க்கலங்கள் இருக்கின்றன. நசுங்கியவை மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. வாயைத் திறப்பதால் அவற்றுக்குப் பயனில்லை. மாறாக, குழந்தைகள் செய்கிற காரியத்தில் அறிவு இருக்கிறது. காதுத் துளையை விரலால் இறுக்க அடைத்தால் இருபது இருபத்தைந்து டெசிபல் வரை தடுக்கலாம். கடையில் வாங்கும் நல்ல காதடைப்பானுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இதைவிட வலுவான மறுப்பு, வேட்டுக்காரர்களே சொல்வது: பழகிவிடும். முதல் வருடம் காதில் ரீங்காரம் இருக்கும், பிறகு ஒன்றும் தெரியாது என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல, அனுபவம் உண்மைதான். வெடிக்குப் பிறகு சில மணி நேரம் காது மந்தமாகி மறுநாள் தெளியும். அப்படித் தெளிகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாகத் தெளிகிறது என்பதுதான் சிக்கல். முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலி. பேச்சின் உரத்த பகுதி அதற்குக் கீழே இருப்பதால் இழப்பு தெரியாது. ச, ஷ, ஸ போன்ற சன்ன ஒலிகள் நழுவும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. சத்தம் தொந்தரவு செய்யாமல் போவதைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்வது, விளக்கு மங்குவதைக் கண் இருட்டுக்குப் பழகியதாக நினைப்பது மாதிரி.

தவிலும் நாகசுரமும் இதே மண்ணின் சத்தம்தானே, நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்கிறவர்களும் விடிய விடியத் தவில் அடிக்கிறவர்களும் இருக்கும்போது எப்போதோ ஒருமுறை வெடிக்கும் வேட்டை மட்டும் குற்றம் சொல்லலாமா என்றும் கேட்கலாம். தவிலடி காதுக்கு இதம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டும் காதை வேறு வேறு வழியில் தொடுகின்றன. உரத்த ஒலி தொடர்ந்து வந்தால் நடுக்காதின் சிறு தசை இறுகி, உள்ளே போவதைச் சற்றுக் குறைக்கும். அது இறுக ஏறக்குறைய வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். வேட்டின் அழுத்தம் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியிலேயே உச்சம் தொட்டு முடிந்துவிடுகிறது. தசை விழிக்கும்போது வெடி போய்விட்டது. அதனால்தான் துப்பாக்கிக்கும் வேட்டுக்கும் மணிக்கணக்கு பார்ப்பதில்லை, உச்ச அளவைப் பார்க்கிறார்கள்.

இன்னும் ஒரு வாதம் மிச்சம்: இத்தனை நூற்றாண்டு வேட்டு வெடித்தும் செவிடான வேட்டுக்காரர்களைப் பற்றிய பேச்சே இல்லையே. பேச்சு எப்போது வருகிறது என்பதை கிளாஸ்கோ காட்டியது. கப்பல் கொதிகலன் செய்கிறவர்கள் அங்கே தலைமுறையாகக் காது மந்தமானவர்கள்தான். 1886இல் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் அவர்களில் நூறு பேரை உட்காரவைத்துச் சோதித்தார். பெரும்பாலோருக்குப் பொதுக்கூட்டத்தில் பேசுவதைக் கேட்கவே சிரமம் என்று தெரிந்தது. அதற்கு முன்பும் அந்தக் காதுகள் அப்படித்தான் இருந்தன. சோதிக்க ஒருவர் வந்ததுதான் புதிது. அதன்பின் உலகப்போர்கள் காதடைப்பானைப் படைவீரனின் பொருளாக்கின. முதற்போரில் மாலக்-ஆம்ஸ்ட்ராங் அடைப்பான், இரண்டாம் போரில் ரப்பர் செருகி, பின்னர் 1967இல் உருவான, சுருட்டிச் செருகினால் உள்ளே விரிகிற பஞ்சு போன்ற நுரை அடைப்பான். இன்று ஒரு ஜோடி டீ விலைக்குள் கிடைக்கிறது.

சட்டமும் தூரத்தைத்தான் பிடித்துக்கொண்டது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தப் பட்டாசு வெடிக்கக்கூடாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் விதித்தது தூங்குகிறவருக்காக. அதற்கு முன்பே, 1999 அக்டோபரில் வந்த விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலையோ உச்ச அளவில் 145ஐயோ தாண்டும் பட்டாசைத் தடை செய்தது. அந்த 145, ஒரு வெடிகூடத் தாண்டக்கூடாத 140க்கு மேலே இருக்கிறது. 140க்கு இறங்க ஏழு மீட்டராவது விலக வேண்டும். பற்றவைத்தவர் ஓடி அந்தத் தூரத்தை எட்டிவிடலாம், திரி நீளமாக இருந்தால். அதிர்வேட்டுக் குழாயிடம் நிற்பவர் ஓடுவதில்லை, அடுத்த குழாய்க்கு நகர்கிறார். விதியின் அளவுக்குள்ளேயே வெடித்தாலும், இரண்டு மீட்டரில் நிற்கும் அவர் காதுக்கு அது 151; குனிந்து ஒரு மீட்டருக்கு வந்தால் 157.