பாட்டுக்குள் இருந்த கணக்கும் பக்கத்துக்குள் ஓடாத நிரலும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "சார், கட்டுரை எழுதுகிற பக்கத்திலேயே நடுநடுவே நிரலையும் எழுதி, அங்கேயே ஓட்டி, விடையையும் அங்கேயே வாங்கிவிடலாம். எங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறது. இன்னொருவருக்கு அனுப்பினால் ஓட மாட்டேன் என்கிறது. சில சமயம் மறுநாள் எங்களுக்கே ஓடுவதில்லை."

நிரல் என்றால் கணினிக்கு வரிசையாகச் சொல்லும் கட்டளைகள். உறவினர்கள் அவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். எழுத்துக்கு நடுவே கணக்கை வைக்கும் பழக்கம் நம்மிடம் வெகுகாலமாக உண்டு. அது ஓடாமல் நிற்கும் சங்கடமும் அவ்வளவு பழையதுதான்.

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்ற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பாட்டு, பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று அறிய வழி சொல்கிறது. காம்பருகே உள்ள சிறு முள்ளை எண்ண வேண்டும். வந்த எண்ணை 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. பழத்துக்குப் பழம் இது பொருந்துமா என்பதைச் சந்தையில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு முக்கியம் அதன் அமைப்பு. உள்ளே போகும் எண் ஒன்று, செய்ய வேண்டிய வேலை இரண்டு, வெளியே வரும் விடை ஒன்று. இது நிரலேதான். அது பாட்டுக்குள் இருக்கிறது. ஓட்டும் எந்திரம், அதை மனப்பாடம் செய்த திண்ணைப் பள்ளிப் பையன்.

சுளைக் கணக்கு எந்த ஊரிலும் ஓடிவிடும். நெல் கணக்கு அப்படி ஓடாது. மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் அளவு மாறியவை. ஒரு கலம் நெல் என்று ஏட்டில் இருந்தால், எந்த ஊர்க் கலம் என்று தெரியாமல் விடை வராது. எழுதியவருக்கு அது தெரியும், ஆனால் ஏட்டில் அது இல்லை. அவர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை ஏன் எழுத வேண்டும் என்று விட்டிருப்பார். ஏடு ஊர் தாண்டியதும் கணக்கு நின்றுவிடும்.

நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். பக்கத்தில் எழுதிய கணக்கு ஓடாமல் போனால், பெரும்பாலும் எழுதியவர் மனதில் இருந்து பக்கத்தில் இல்லாமல் போன ஏதோ ஒன்றுதான் காரணம்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இது மில் கணக்கிலேயே தெரியும். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நம் ஊர்ப் பேச்சில் நூல் நம்பர் கலந்துவிட்டது. 40-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் கொண்ட சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதாவது ஒரு பவுண்டில் 33,600 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும். டெக்ஸ் என்ற அளவு இதற்கு நேர்மாறு. 1,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அது டெக்ஸ். எண் ஏற ஏற நூல் தடிக்கும். நம் 40-ஆம் நம்பர், டெக்ஸ் கணக்கில் 15-க்குச் சற்றுக் குறைவு. தாளில் வெறும் 40 என்று எழுதி அனுப்பினால், வாங்குபவர் டெக்ஸ் என்று நினைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு எடையுள்ள நூலைக் கணக்குப் போடுவார். கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாக இருக்கும், விடை மட்டும் தவறாக வரும்.

அளவுக்கு அடுத்தது மொழி. அதற்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். ஆண்டாள் பாடிய திருப்பாவை 30 பாசுரம். அதற்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரை மூவாயிரப்படி. இங்கே படி என்பது 32 எழுத்து கொண்ட அளவு. இந்த உரைகள் மணிப்பிரவாள நடை. தமிழும் வடமொழியும் கலந்து வரும். ஓலையில் வடமொழிச் சொல்லைக் கிரந்த எழுத்திலும் தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் எழுதினார்கள். எழுத்து மாறியதுமே படிப்பவர் நாக்கும் மாறிக்கொள்ளும். இது எந்த மொழி என்று தனியாக ஒரு குறிப்பு தேவைப்படவில்லை.

அதே கோயிலில் அரையர் சேவை நடப்பதும் உங்களுக்குத் தெரியும். ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை ஆகிய ஊர்களிலும் உண்டு. குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு அரையர் பாசுரம் பாடுவார், அபிநயம் பிடிப்பார், பிறகு வியாக்கியானம் சொல்வார். எது பாட வேண்டியது, எது ஆட வேண்டியது, எது விளக்க வேண்டியது என்பது பரம்பரையாக வந்த பயிற்சியில் இருக்கிறது. ஏட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறொருவர் அதை நிகழ்த்திவிட முடியாது.

மனிதர் என்றால் பயிற்சியால் சமாளிப்பார். கணினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எழுத்து எங்கே முடிகிறது, கட்டளை எங்கே தொடங்குகிறது, அது எந்த மொழி என்று ஒவ்வொன்றையும் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

இதை முதலில் முறையாகச் செய்தவர்களில் பெரிய பெயர், அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத். நிரலை மனிதர் படிக்கும் கட்டுரையாக எழுத வேண்டும், கணினிக்கு வேண்டியது அதற்குள்ளிருந்தே கிடைக்க வேண்டும் என்று 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் செய்த கருவியின் பெயர் வெப். அதில் இரண்டு பகுதி. டாங்கிள் என்பது கட்டுரையிலிருந்து நிரலை மட்டும் பிரித்துக் கணினிக்குக் கொடுக்கும். வீவ், அதாவது நெய்தல் என்பது, அதே கோப்பை மனிதர் படிக்கும் புத்தகப் பக்கமாக்கும். நெசவுப் பெயர் என்பதால் நம் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. டெக் என்ற தன் அச்சுக்கோப்பு நிரல் முழுவதையும் இப்படி எழுதி 1986-ல் புத்தகமாகவே போட்டார். தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவதும் 2008 வரை அவர் வழக்கமாக இருந்தது. பிழையைச் சொன்னவருக்குப் பரிசு என்பது ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய பழக்கம்.

வெப்பில் எழுதுவது ஓரிடம், ஓட்டுவது வேறிடம். எழுதும் பக்கத்திலேயே ஓட்டும் வசதி இரண்டு வழியாக வந்தது. 1988-ல் வந்த மேத்தமேட்டிகா ஒரு வழி. 2001-ல் பெர்னாண்டோ பெரெஸ் தொடங்கிய ஐபைதான் அந்த வழியில் வளர்ந்து, 2014-ல் ஜூபிடர் என்ற பெயர் பெற்றது. ஜூலியா, பைதான், ஆர் என்ற மூன்று மொழிகளை நினைவூட்டும் பெயர் அது. இன்னொரு வழி ஈமேக்ஸ். 1976-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த பழைய எடிட்டர் இது. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் அறிஞர் 2003-ல் குறிப்பெழுதுவதற்காக அதற்குள் ஆர்க் மோடு என்பதை உருவாக்கினார். எரிக் ஷூல்ட், டான் டேவிசன் ஆகியோர் அதில் பேபல் என்ற பகுதியைச் சேர்த்தார்கள். ஒரே பக்கத்தில் பல மொழி நிரல்களை ஓட்டலாம் என்பதால் பேபல் கோபுரத்தின் பெயர்.

இனி மாணவர்கள் கேட்ட கோளாறுகளுக்கு வருகிறேன்.

முதலாவது, அனுமதி. ஆர்க் மோடில் தொடக்கத்தில் ஈமேக்ஸின் சொந்த மொழியான லிஸ்ப் மட்டும்தான் ஓடும். பைதானோ மற்றதோ வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும். உங்கள் கணினியில் என்றோ சேர்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். அனுப்பப்பட்டவர் கணினியில் அது இருக்காது. ஒவ்வொரு முறையும் ஓட்டலாமா என்று அது கேட்பதையும் தொல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். யாரோ அனுப்பிய பக்கத்தில் உங்கள் கோப்புகளை அழிக்கும் கட்டளை இருந்தால், அந்தக் கேள்விதான் காவல்.

இரண்டாவது, முந்தைய துண்டில் சொன்னது அடுத்த துண்டுக்குத் தெரியுமா என்பது. பைதானில் ஆர்க் மோடு வழக்கமாக ஒவ்வொரு துண்டையும் தனியாக ஓட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிச் சிலேட்டு கொடுத்தது போல. ஒருவன் சிலேட்டில் எழுதியது அடுத்தவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் செஷன் என்று கேட்டு வாங்க வேண்டும். ஜூபிடரில் வகுப்புக்கே ஒரு கரும்பலகை. முந்தைய பீரியடில் எழுதி அழிக்காமல் விட்ட எண்ணும் அதில் இருக்கும். நீங்கள் அந்தத் துண்டையே பக்கத்திலிருந்து நீக்கியிருப்பீர்கள், பலகையில் மட்டும் அது நிற்கும். அதனால் இன்று ஓடும். நாளை கணினியைத் திறக்கும்போது பலகை துடைத்திருக்கும், ஓடாது. மறுநாள் தனக்கே ஓடவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

மூன்றாவது, விடை எது என்பது. ஆர்க் மோடில் பைதான் துண்டு கடைசியில் திருப்பித் தரும் மதிப்பா, திரையில் அச்சிடுவதா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், நிரல் சரியாக ஓடியிருந்தும் விடை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்று வரும்.

நான்காவது, எழுத்துக்குரிய அழகு நிரலுக்கு ஆகாது. வேர்டு போன்ற எழுத்துச் செயலிகள் நேரான மேற்கோள் குறியை வளைத்து அழகாக்கிவிடும். அங்கிருந்து நகலெடுத்து ஒட்டினால் பைதான் மறுத்துவிடும். வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பைதானில் பொருள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

ஐந்தாவது, பதிப்பு. உங்களிடம் இருக்கும் பைதான் எது, துணை நிரல்கள் எவை, எந்தப் பதிப்பு என்று எழுதாவிட்டால் அது ஊர் பெயர் சொல்லாத மரக்கால்.

ஓடாவிட்டால் என்ன, விடைதான் பக்கத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். டியூக் பல்கலைக்கழகத்தில், எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. நோயாளிகளுக்கு அதன்படி மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனையும் தொடங்கியது. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அந்த விடைகளை மீண்டும் போட்டுப் பார்க்க முயன்றார்கள். விடை வரவில்லை. வழிமுறை முழுதாக வெளியிடப்படாததால் துப்பறிவது போலத் தேடினார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப் போயிருந்தது. சில இடங்களில் மருந்துக்குக் கேட்கும், கேட்காது என்ற குறியே தலைகீழாகியிருந்தது. 2009-ல் இதை வெளியிட்டார்கள். பின்னர் சோதனைகள் நிறுத்தப்பட்டன, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தங்கள் அறிக்கைகளை அவர்கள் ஸ்வீவ் என்ற கருவியில் எழுதினார்கள். பிரீட்ரிக் லைஷ் 2002-ல் வெளியிட்ட அதில் எழுத்தும் நிரலும் ஒரே கோப்பு. படிப்பவர் தாமே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு வரி தள்ளிப்போனது சாதாரணப் பிழை. ஆனால் மறு முனையில் இருந்தவர்கள் நோயாளிகள்.

2019-ல் சில ஆய்வாளர்கள் இணையத்தில் கிடக்கும் ஏறத்தாழ 14 லட்சம் ஜூபிடர் பக்கங்களைத் திரட்டி, அவற்றில் ஓட்டக்கூடியவற்றை ஓட்டிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 24 பக்கம்தான் பிழையில்லாமல் ஓடி முடிந்தது. பக்கத்தில் இருந்த அதே விடையைத் தந்தது நூற்றுக்கு 4. எழுதியவர்கள் எல்லோரும் ஓட்டிப் பார்த்துத்தான் விடையைப் போட்டிருப்பார்கள். அவர்கள் கணினியில் இருந்த ஏதோ ஒன்று பக்கத்தில் ஏறவில்லை.

ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்வது, அனுப்பும் முன் பலகையைத் துடைத்துவிட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு உங்கள் கணினி அல்லாத வேறொரு கணினியில் ஓட்டுங்கள். அளவு, மொழி, பதிப்பு, வரிசை நான்கையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். வழிமுறை இல்லாத விடைக்கு வகுப்பில் முழு மதிப்பெண் போட்டதில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் பக்கத்தைப் பார்த்து மருந்து கொடுப்பவரும் நூல் வாங்குபவரும் அதே வழிமுறையைத்தான் கேட்கிறார்கள்.

மில் ஆய்வகத்தில் இருப்பவர்கள் நம்பர் கணக்கில் இப்படிப் பார்த்த அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். பலாப்பழம் வாங்குகிறவர்கள் முள்ளை எண்ணிவிட்டு அறுத்துப் பார்த்து, வந்த இரண்டு எண்களையும் எழுதுங்கள். என்ன பழம், எந்த ஊர்ச் சந்தை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.