எண்ணூர்க் கழிமுகமும் ஊரார் காவலும்

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த எண்ணூரில், எந்த நீர்ப்பரப்பை யார், எப்போது, எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை ஊர் கூடி முடிவுசெய்து, அம்முடிவு மீறப்படாமல் ஊரே கண்காணித்து வரும் வழக்கம், நகரமைப்புச் சட்டங்களும் சுற்றுச்சூழல் விதிகளும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நிலவி வந்துள்ளது. அண்மைக் காலத்தில் அவ்வூர் மீனவர்கள் தகவல் அறியும் உரிமை மனுக்களோடும் நிலவரைபடங்களோடும் அரசு அலுவலகங்களின் படியேறியதைச் சிலர் நகரத்துச் சூழலியல் ஆர்வலர்கள் கற்றுக்கொடுத்த புதுப்பழக்கமாகக் கருதுவதுண்டு. வெளியிலிருந்து கிடைத்த உதவி மெய்தான் எனினும், அந்த உதவி வேர்பிடிப்பதற்கான மண் கழிமுகத்திலேயே பதப்பட்டிருந்தது என்பதை அவ்வூர்களின் வரலாறு காட்டுகிறது.

அம்மண்ணின் பெயர் பாடு. பழவேற்காடு ஏரியிலும் எண்ணூர்க் கழியிலும் வழங்கிவரும் பாடு என்னும் முறையின்படி, கழியின் மீன்பிடி இடங்கள் எல்லை குறித்துப் பிரிக்கப்பட்டு, உரிமையுள்ள குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் முறைவைத்து ஒதுக்கப்படுகின்றன; பழவேற்காட்டில் இவ்வொதுக்கீடு குலுக்கல் வழியாகவும் நடைபெற்று வந்துள்ளது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் அனைவருக்கும் சுழன்று வரவேண்டும் என்பதே இதன் நோக்கமாகையால், முறை தவறி வலை கட்டுபவரை ஊர்ப் பஞ்சாயத்தார் அழைத்து விசாரித்துத் தண்டம் விதிப்பதும் அதன் பகுதியாயிற்று. எங்கே ஆழம், எங்கே மேடு, எந்தப் பருவத்தில் இறால் எந்தப் பக்கம் ஏறும், கடல்நீர் எதுவரை உள்ளே வரும் என்பன போன்ற விவரங்கள் தலைமுறை தலைமுறையாகத் திரண்டு, எழுதப்படாத ஒரு நிலஅளவைப் பதிவேடாகவே அம்மக்களிடம் இருந்தன. பின்னாளில் அரசின் வரைபடத்தில் தவறு கண்டுபிடிக்க முடிந்ததற்கு இப்பதிவேடே அடிப்படை.

உப்பளங்களும் மீன்பிடியுமாக இருந்த இவ்வட்டாரத்தின் தோற்றம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் விரைந்து மாறியது. 1940-களின் இறுதியில் மோட்டார் வாகன ஆலை வந்தது. 1960-களில் உரத் தொழிற்சாலை. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1990-களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். கத்திவாக்கம் நகராட்சியாக இருந்த பகுதி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இத்தனை முடிவுகளிலும், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற ஊர்களில் பாடு பிரித்து வந்தவர்களின் சொல் எடுபட்டதாகச் சொல்ல இயலாது.

நிலைமை மாறுவதற்கு வழி திறந்தது 1991 பிப்ரவரி 19 அன்று நடுவணரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. உயர் ஓத வரம்பு எனப்படும், ஓதம் மிக உயர்ந்து ஏறும் எல்லைக்கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரையிலான பரப்பையும், கடலேற்றத்துக்கு உட்படும் கழிகள், ஆறுகள் ஆகியவற்றின் கரைகளையும் இவ்வறிவிக்கை கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தது. அலையாத்திக் காடுகளும், ஓத ஏற்ற இறக்கங்களுக்கு இடைப்பட்ட பரப்பும் முதல் வகையில் சேர்க்கப்பட்டு, துறைமுகம் போன்று நீர்முகம் இன்றியமையாத சில பணிகள் நீங்கலாகக் கட்டுமானம் அங்கே தடுக்கப்பட்டது. எந்த இடம் எந்த வகை என்று காட்டும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்களை மாநிலங்கள் அணியப்படுத்த வேண்டியிருந்தது; தமிழ்நாட்டின் வரைபடத்துக்கு 1996-இல் நடுவணரசின் ஒப்புதல் கிடைத்தது. இதன் முழுப்பொருளையும் அன்றைக்குக் கடலோர ஊர்கள் அறிந்திருக்கவில்லை. வரைபடம் ஆங்கிலத்திலும் அலுவலக அலமாரியிலும் இருந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் நடைமுறைக்கு வந்தபின் அந்த அலமாரி திறந்தது. 1996-இன் வரைபடத்தில் எண்ணூர்க் கழியும் அதன் சதுப்புகளும் பாதுகாக்கப்பட்ட ஓதநீர்ப் பரப்பாகக் குறிக்கப்பட்டிருக்க, பின்னர் அரசுத் துறை அளித்த மற்றொரு வரைபடத்தில் அப்பரப்பின் பெரும்பகுதியைக் காணவில்லை என்று மீனவர்களும் சூழலியல் அமைப்புகளும் 2017-இல் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினர். அவர்கள் கணக்குப்படி மறைந்துபோன பரப்பு ஏறத்தாழ 6,500 ஏக்கர். நாள்தோறும் படகு செலுத்தும் நீர்வழி தாளில் இல்லாமற்போனதைக் கண்டுபிடிக்க நிலவியல் பட்டம் தேவைப்படவில்லை. கழி சுருங்கினால் பாதிப்பு மீனவரோடு நிற்பதுமில்லை: பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் கொசஸ்தலை வழியாக இங்கேதான் கடலுக்கு வடிய வேண்டும் என்பதால், கழியின் அகலமும் ஆழமும் வடசென்னை வெள்ளத்தில் மூழ்குமா என்பதையும் தீர்மானிக்கின்றன.

வரைபடத்தில் நடந்ததற்கு நிகரான ஒன்று ஆற்றின் அடியிலும் நடந்தது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து எஞ்சும் சாம்பலை நீரோடு கலந்து குழம்பாக்கி, செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஆங்காங்கே உடைந்து ஒழுகியதால், சாம்பல் ஆற்றுப்படுகையில் படிந்து இறுகி, முன்பு படகு மிதந்த இடங்களில் ஆட்கள் இறங்கி நிற்கும் அளவுக்கு நீர் குறைந்தது. உடைந்த குழாயைப் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் மனுவாக்கிய பொறுமையான உழைப்பே ஊரார் காவலின் உண்மையான வடிவம். மீனவர் ஒருவர் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் மின்வாரியத்தைச் சாம்பல் மாசுக்குப் பொறுப்பாக்கியது.

திட்டங்கள் தொடங்கும் முன்பே தலையிட மக்களுக்குக் கிடைத்த மற்றொரு வாய்ப்பு, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது ஒரு திட்டத்தால் காற்று, நீர், நிலம், பிழைப்பு ஆகியவற்றுக்கு நேரக்கூடிய விளைவுகளை முன்கூட்டி ஆய்ந்து எழுதும் அறிக்கை, 1994-இல் சட்டக் கட்டாயமாகியது; அதன்மேல் மக்களின் கருத்தைக் கேட்கும் ஏற்பாடு 1997-இல் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று நடக்கவிருந்த கூட்டமும், 2023 செப்டம்பர் 5 அன்று நடக்கவிருந்த கூட்டமும் நடைபெறவில்லை. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையிலான ஊர்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்த்து நின்றது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஊரார் காவல் என்னும் இவ்வழக்கத்தின் குறைகளையும் மறைத்தல் தகாது. பாடு உரிமை ஆண்களுக்கும் குறிப்பிட்ட சமூகத்துக்கும் உரியதாகவே இருந்தது; கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களுக்கும் ஊர்ப் பஞ்சாயத்தில் இடமில்லை. கழி அழிந்தால் முதலில் பிழைப்பிழப்பவர்களுக்கு அதன் காவலில் பங்கில்லாமற்போனது நியாயமன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழியில் பரவி, அதே மாதம் 26 அன்று இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி வீட்டை விட்டு ஓடியபோது, அந்நிலை ஓரளவு மாறியது: தொடர்ந்து நடந்த போராட்டப் பந்தல்களில் பெண்கள் பெருந்திரளாக முன்வரிசையில் அமர்ந்தனர்.

2019-இல் வெளியான புதிய கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்கீழ்த் தமிழ்நாட்டுக்கான வரைவு வரைபடங்கள் 2023-இல் வெளியிடப்பட்டபோதும், மீனவ ஊர்கள், வலை உலர்த்தும் இடங்கள், மீன்பிடி இடங்கள் பல அவற்றில் விடுபட்டிருப்பதாகக் கடலோர மாவட்டங்களெங்கும் முறையீடு எழுந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குச் சட்டம் தரும் முன்னறிவிப்புக் காலம் குறைந்தது 30 நாள். அதற்குள் ஒரு மீனவ ஊர் தன் எல்லையைச் சரிபார்க்க வேண்டுமானால், புல எண்களோடு கூடிய தமிழ் வரைபடம் ஊர்ப் பஞ்சாயத்தார் கையில் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். அதை ஒவ்வொரு குப்பத்துக்கும் கேட்காமலே கொண்டுசேர்ப்பது அரசின் கடமை.