அழகைக் காணும் கண்: இப்னுல் ஹைஸம் தந்த விளக்கம்

கைப்பேசியில் படமெடுக்கும் நம் பிள்ளைகள் ஒரு விதியை அறிவார்கள். சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முகத்தையோ மினாராவையோ நட்டநடுவே வைக்காமல் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பதே அது. இந்த மூன்றின் விதி, 1797இல் ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் எழுதிய நூலில் அப்பெயரிலேயே காணப்படுகிறது. ஆனால், கண்ணுக்கு ஒன்று ஏன் அழகாகத் தோன்றுகிறது என்ற கேள்வியை அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஆராய்ந்தவர் இப்னுல் ஹைஸம்.

ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இவரே கேமராவைக் கண்டுபிடித்தார் என்று நம்மில் சிலர் பெருமை பேசுகின்றனர். அது சரியன்று. சிறு துளை வழியே உருவம் விழுவதைச் சீனரும் கிரேக்கரும் முன்பே அறிந்திருந்தனர். இவருடைய சிறப்பு, ஒளியையும் பார்வையையும் சோதனைகளால் ஆராய்ந்ததாகும்.

‘கிதாபுல் மனாழிர்’ என்னும் தம் நூலில், கண் அறியும் இருபத்திரண்டு பண்புகளை அவர் வகுக்கிறார்; அவற்றுள் அழகும் ஒன்று. நெருங்கிக் கலங்கித் தெரியும் விண்மீன் கூட்டத்தைவிடத் தனித்தனியே மின்னும் விண்மீன்கள் அழகானவை என்கிறார். படத்தில் பின்புலத்திலிருந்து முகத்தைப் பிரித்துக் காட்டுவதும் இதே முறைதான். எழுத்துகளின் வடிவம் சற்றுக் குறைபட்டாலும் வரிசை சீராக இருந்தால் கையெழுத்து அழகாகும் என்கிறார். மதரஸாவில் பிள்ளைகளின் பலகையைப் பார்க்கும் நாம் இதை நாள்தோறும் காண்கிறோம்.

மேலும், கண்ணின் நேர்க்கோட்டில் படும் பகுதியே மிகத் தெளிவாகத் தெரியும். ஆகவே கண் நகர்ந்து நகர்ந்தே ஒரு பொருளை முழுமையாக அறிகிறது என்று விளக்குகிறார். படத்தில் ஒரு பாதையோ தூண் வரிசையோ கண்ணை நடத்திச் செல்லும்போது நமக்கு இன்பம் உண்டாவதை இதைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

எனினும், எந்தப் பண்பும் எல்லா இடத்திலும் அழகைத் தருவதில்லை. பண்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் விகிதமே முதன்மையானது என்பது அவர் முடிவு. மூன்றின் விதிக்கும் இது பொருந்தும். சமச்சீராக எழும் மிஹ்ராபை ஓரத்தில் ஒதுக்கினால் அதன் அழகு குன்றும். அங்கே நடுவே வைப்பதே பொருத்தம்.

ஆகவே, பிள்ளைகளுக்கு விதியைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்தே சொல்வோம். முன்னோரின் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்வதோடு நில்லாமல், அவர்கள் பார்த்ததைப் போல் பொறுமையாகப் பார்க்கவும் பழகுவோம். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!